ரேகை விழாத அறுபது பேர்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடாமல் இருந்தால்தான் அது செய்தி.

இருதயசாமி ஆல்டோவின் இன்ஜினை அணைத்துவிட்டு மணி பார்த்தார். பத்தேகால். மாலை நான்கு மணிக்குத் தஞ்சாவூரில் கல்லூரியின் விசாரணைக் குழு உட்காருகிறது. அதற்குள் ஒரு பெண்ணின் நான்கு வருஷப் படிப்பைக் காப்பாற்றியாக வேண்டும். முன்னால் நின்ற கரும்பு லாரிக்காரர் இறங்கிப் போய் டீ வாங்கி, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த கேட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

"போன மாசம் ஓடிப்போன மாப்பிள்ளை. அதுக்கு முந்தின மாசம் காணாமப்போன பொமரேனியன். இந்த மாசம் சாக்ஸு" என்றாள் லின்சி. "நம்ம ஏஜென்சி வளர்ந்துக்கிட்டே போகுது சார்."

லின்சி அவருடைய உதவியாளர். ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். ஒரு நூற்பாலையில் இரண்டு வருஷம் ஷிப்டு பார்த்துவிட்டு, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியதும் வேலையை உதறிவிட்டு வந்தவள். வாய் மட்டும் இல்லையென்றால் எங்கேயோ போயிருப்பாள் என்று அவளுடைய அம்மா சொல்வதுண்டு. இருதயசாமி இருபத்தோரு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புலனாய்வு பார்த்தவர். செத்தவன் சரியாகத்தான் செத்தானா என்று துருவித் துருவிக் கேட்டு, கேட்ட குடும்பங்களின் முகமெல்லாம் தூக்கத்தில் வர ஆரம்பித்த பிறகு வெளியே வந்தார். பூக்காரத் தெருவில் ஒரு மாடி அறையில் பெயர்ப் பலகை மாட்டி ஆறு வருஷமாகிறது.

"கேஸை இன்னொரு தடவை சொல்லு. சிரிக்காம சொல்லு" என்றார்.

லின்சி மடியிலிருந்த இதழைப் புரட்டினாள். கல்லூரி நடத்தும் ஆய்விதழ் அது. "பயன்பாட்டு ஆராய்ச்சின்னு பேரு சார். மொதக் கட்டுரை பாலத்துல விரிசல். ரெண்டாவது பஸ் டெப்போவுல டிரைவருக்கு டூட்டி போடுறது எப்படி. நாலாவது மூலத்துக்கு மருந்து. நடுவுல மூணாவதா நம்ம சாக்ஸ் உக்காந்திருக்கு. ஒரே புஸ்தகத்துல கல்லையும் பஸ்ஸையும் துணியையும் ஆசனவாயையும் கட்டிப்போட்டிருக்காங்க."

"சிரிக்காமன்னு சொன்னேன்."

"சரி சார். எழில்மொழி, ஆராய்ச்சி மாணவி. வேப்பிலைச் சாறு ஏத்துன நூல்ல ஒரு சாக்ஸ் பின்னுச்சு. நடவு நடுற பொம்பளைங்க அதைப் போட்டுக்கிட்டுச் சேத்துல நின்னா சேத்துப்புண் வராது. போன ஐப்பசியில அவ சொந்த ஊர்ல அறுபது பேருக்குக் குடுத்தா. முப்பது நாளும் சாயங்கால பஸ்ல வந்து வீடு வீடாக் கேட்டு ஃபாரத்துல எழுதிக்கிட்டு, கடைசி பஸ்ல ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டா. ஒருத்தருக்கும் புண்ணே இல்ல. கைடு பஞ்சநதம் கட்டுரை எழுதினாரு. மொதப் பேரு அவருது. அப்புறம் சாக்ஸ் தயாரிக்க வந்த கம்பெனிக்காரன் தன் பங்குக்கு ஒரு சோதனை பண்ணிப் பார்த்தான். பாதிப் பேருக்குக் காலெல்லாம் புண்ணு."

"உடனே பஞ்சநதம்?"

"பொண்ணு ஹாஸ்டல்ல உக்காந்து தானே ஃபாரத்தை நிரப்பிடுச்சு, நான் ஏமாந்துட்டேன்னு மனு குடுத்துட்டாரு. ஆதாரம், கைநாட்டு. அறுபது கைநாட்டுலயும் ஒத்தை வரிகூட இல்ல. வெறும் மை. ரப்பரைத் தொட்டு வச்சிருக்கான்னு சொல்றாரு."

இருதயசாமி கலர் ஜெராக்ஸ்களை வாங்கி மீண்டும் பார்த்தார். உண்மையாகவே வழுவழுவென்று அறுபது நீலப் பொட்டுகள். நேற்று எழில்மொழி அவருடைய மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சொன்ன வார்த்தை காதில் நின்றது. "நான் பொய் எழுதலை சார். அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். விசாரணை முடியற வரைக்கும் ஊருக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க போய்க் கேளுங்க."

பொய் சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்கள் இவ்வளவு குறைவாகப் பேசுவதில்லை.

மன்னார்குடி ரயில் அவசரமே இல்லாமல் கடந்து போனது. கேட் திறந்தது.

*

எழில்மொழியின் ஊரில் ரேஷன் கடை மட்டும்தான் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டத்தோடு இருந்தது. பெண்கள் எல்லாம் வயலில். கடைக்காரர் செல்லதுரை பருப்புப் பாக்கெட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். கடை முன்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் கீச்சென்று கத்தியது. மறுபடி வைத்தாள். மறுபடி கத்தியது.

"விடு முனியம்மா. கண்ணக் காட்டு" என்றார் செல்லதுரை.

அந்தப் பெண் கருவியின் முன்னால் கண்ணை அகல விரித்தாள். சீட்டு வந்தது. அரிசியை வாங்கிக்கொண்டு போனாள்.

இருதயசாமி படியேறினார். "ஏன், மெஷின் கெட்டுப் போச்சா?"

"மெஷினுக்கு என்னங்க? போன வாரம் வந்த புது மெஷினு. இவங்க விரல்லதான் ஒண்ணும் இல்ல. தெனம் ஆயிரம் தடவை நாத்தைக் கட்டவிரலால சேத்துல அழுத்துனா ரேகை என்னாகும்? தேஞ்சிடும். நடவு ஆரம்பிச்சா இந்தத் தெரு பொம்பளைங்க ஒருத்தருக்கும் ரேகை விழாது. அறுப்பு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆவணும், திரும்ப வர்றதுக்கு. இந்தக் கண்ணு மெஷின் வர்றதுக்கு முந்தி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் தெரியுமா? அந்தப் பாவம் எனக்கு."

லின்சி வாயைத் திறந்தாள். இருதயசாமி கையைக் காட்டினார்.

"போன ஐப்பசியில யார் யாருக்கு ரேகை விழலைன்னு கணக்கு இருக்குமா?"

"இருக்காம? ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதணுமே." செல்லதுரை ஒரு நீள நோட்டைப் பிரித்தார். இருதயசாமி ஜெராக்ஸிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். செல்லதுரையின் விரல் நோட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. இருக்கு. இருக்கு. இதுவும் இருக்கு. அறுபதில் ஐம்பத்தெட்டு பேர் அந்த நோட்டில் இருந்தார்கள். மீதி இரண்டு பேருக்கு ரேஷன் கார்டு மாமியார் பெயரில்.

நோட்டுப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் லின்சி துள்ளினாள். "சார், முடிஞ்சுது! ரேகை இருந்திருந்தாத்தான் பொய். ஏசி ரூம்ல உக்காந்திருக்கிற விரல்லதான் ரேகை இருக்கும். பஞ்சநதம் தன் விரலைத்தான் பார்த்திருக்காரு. கேட்டுக்குத் திரும்பலாமா? நாலு மணிக்குள்ள தாண்டினா அதிர்ஷ்டம்."

இருதயசாமிக்கும் உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பு சரியாக நாற்பது அடி தூரம் நீடித்தது.

தெருக்குழாயின் வாயில் சாம்பல் நிறத் துணி ஒன்று நூலால் கட்டியிருந்தது. தூசி தும்பு வராமல் குழாயில் துணி கட்டுவது வழக்கம்தான். ஆனால் இந்தத் துணிக்கு மேல் விளிம்பில் நீலக் கோடு ஓடியது. அடுத்த குழாயிலும் நீலக் கோடு. அதற்கடுத்த வீட்டுக் குழாயிலும். தெருவின் கடைசி வரை லின்சி எண்ணிக்கொண்டே போனாள். பதினேழு.

"சார்" என்றாள். "குழாய்க்கெல்லாம் சேத்துப்புண் வந்திருக்கு."

இந்த முறை அவளே சிரிக்கவில்லை. ஒன்றை அவிழ்த்து, விரல்களால் இழுத்துப் பார்த்தாள். குதிகால் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதை யாரும் ஒரு தடவைகூடக் கால்ல மாட்டலை. மாட்டியிருந்தா குதிகால்ல கண்ணி விரிஞ்சிருக்கும். மில்லுலேர்ந்து வந்த மேனிக்கு அப்படியே இருக்கு."

கைநாட்டு உண்மை. கைநாட்டுக்கு மேலே எழுதியிருந்தது பொய். ஒரு மாணவியைக் காப்பாற்ற வந்து, அவளைக் கழுவேற்றும் ஆதாரத்தைத் தெருக்குழாயில் கண்டுபிடித்திருந்தார் இருதயசாமி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது இப்படிக் கிடைத்தால் முதுகில் தட்டுவார்கள். அந்தச் சாக்ஸைத் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டு, வயல் எந்தப் பக்கம் என்று கேட்டு நடந்தார்.

*

மணி ஒன்றாகியிருந்தது. வாய்க்கால் ஓர வயலில் நடவு முடிந்து பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். வரப்பின் மேல் இருபது ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மண்ணில் செருப்போடு யாரும் இறங்கமாட்டார்கள். இறங்கினால் ஊரே கேட்கும்.

அந்த வரிசைக்குப் பக்கத்தில், வரப்பில் நின்றபடி மறுநாள் நடவுக்கு நாற்று முடிகளை எடுத்து வீசிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் செருப்போடு இருந்தாள். இடது காலில் சாம்பல் நிறச் சாக்ஸ், நீலக் கோடு.

"அப்பாடா, விளம்பரத்துக்கு ஒரு ஆளாவது கெடைச்சாங்க" என்று முணுமுணுத்தாள் லின்சி.

அவள்தான் காத்தாயி. எழில்மொழியின் அம்மா. ஃபாரம் எண் ஒன்று.

மகள் செய்தது என்ற பாசத்தில் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் இருதயசாமி. ஒற்றைக் காலில் மட்டும் ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். இருபத்தோரு வருஷம் கேள்வி கேட்டே பிழைத்த மனிதருக்கு அந்த ஒரு கேள்வி தோன்றாமல் போனது. பின்னால் அதை நினைத்து அவர் தன்னைத்தானே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டார்.

எழில்மொழிக்காக வந்திருக்கிறோம் என்றதும் பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். முழங்கால் வரை சேறு. விரலிடுக்குகளில் வெளுத்துப்போன தோல்.

"அந்தச் சாக்ஸைத் தினம் எவ்வளவு நேரம் போட்டிருந்தீங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

"எட்டு மணி நேரம்." ஒரே குரலாக வந்தது.

"அரிப்பு?"

"இல்ல."

"புண்ணு?"

"அறவே இல்ல."

"காலையில எத்தனை மணிக்கு இறங்குவீங்க?"

"ஏழு மணிக்கு" என்றாள் காத்தாயி. "ஒரு மணிக்குக் கரையேறிடுவோம். காண்டிராக்டு நடவுங்க. அதுக்கு மேல இடுப்பு தாங்காது."

லின்சி விரல் விட்டு எண்ணினாள். ஏழிலிருந்து ஒன்று. ஆறு.

"சார்" என்று அவரைத் தள்ளி அழைத்துப் போனாள். அவள் குரலில் இருந்த கேலி போய்விட்டது. "எட்டு மணி நேரம் எங்கே வரும் தெரியுமா? மில்லுல. ஷிப்டு எட்டு மணி நேரம். நான் ரெண்டு வருஷம் அந்த எட்டுல செத்திருக்கேன். வயல்ல ஏது சார் எட்டு? பஞ்சநதம் துணிக்காரர் இல்ல. அவரு படிச்சது உற்பத்தி மேலாண்மை. நூற்பாலை ஷிப்டைப் பத்தி மட்டும் ஏழு கட்டுரை எழுதியிருக்காரு, இந்தப் புஸ்தகத்துக்குப் பின்னாடியே பட்டியல் இருக்கு."

"எழில்மொழி தானா ஃபாரத்தை நிரப்பியிருந்தா?"

"ஆறுன்னு எழுதியிருப்பா. இந்த வரப்புல பொறந்த பொண்ணுக்குப் பொய் சொல்லவும் ஆறுன்னுதான் வரும். இவங்க எட்டுன்னதும், கரையேறின பெறகும் கழட்டலை போலன்னு நெனச்சு எழுதியிருப்பா."

இருதயசாமி திரும்பி வந்து காத்தாயிக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்தார். "எட்டுன்னு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவப் போனாள். காத்தாயி நாற்று முடியின் கட்டை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

"சொன்னா எம் பொண்ணுக்குக் கெட்டதா நல்லதா, அத மொதல்ல சொல்லுங்க."

"தெரியலைம்மா" என்றார் இருதயசாமி. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

அந்த பதில்தான் அவளைப் பேச வைத்தது.

"பெரிய வாத்தியாரு வந்தாருங்க. பாப்பாவுக்குத் தெரியாது. மாரியம்மன் கோயில் கொட்டாயில எல்லாரையும் உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு பிஸ்கோத்துப் பாக்கெட்டு குடுத்தாரு. யாரு கேட்டாலும் எட்டு மணி நேரம், அரிப்பு இல்ல, புண்ணு இல்ல, இதான் பதிலுன்னாரு. நாங்க சொன்னோம், ஐயா, கால்ல உறைய மாட்டிக்கிட்டு மண்ணுல எறங்கக் கூடாதுங்களேன்னு. அதுக்கு அவரு சொன்னாரு, 'போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா இந்தப் பொண்ணோட பட்டம் இனிமே உங்க நாக்குல இருக்கு'ன்னு." காத்தாயி தலையை நிமிர்த்தினாள். "எங்க தெருவுல மொதல் டாக்டர் பட்டம் இதுதாங்க. வேற என்னத்த சொல்லச் சொல்றீங்க எங்கள?"

அறுபது பெண்கள். முப்பது நாள். எழில்மொழி நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பால் கொடுத்தவள், அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிப் போனவள், அவளுக்குச் சடை போட்டவள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தே பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்திகூட உளறவில்லை. பாசத்தில் செய்யும் மோசடியை இருதயசாமி அதுவரை பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் சொந்தப் பிழைப்புக்காகச் செய்ததுதான்.

"புண்ணு பார்க்க டாக்டர் யாரும் வரலையா? கட்டுரையில ஒரு டாக்டர் பேரு இருக்கே" என்றாள் லின்சி.

"பேரு வந்திருக்கும். ஆளு வரல" என்றாள் காத்தாயி.

"இதையெல்லாம் அங்க வந்து சொல்வீங்களா?"

கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்தாள். "பாப்பாவப் பாக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, வண்டியை நோக்கி நடந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தாள்.

*

நல்லவேளையாக கேட் திறந்திருந்தது.

கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து இருதயசாமி இரண்டு பக்கத்தில் வாக்குமூலம் எழுதினார். ரேஷன் கடை, குழாய், எட்டு மணி நேரம், கோயில் கொட்டகை. பஞ்சநதம் சொன்னதாகக் காத்தாயி சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே நேரமும் போட்டார், மூன்று ஐம்பது. குழுத் தலைவி சகாயம்மாளுக்கு அதைக் கொடுத்தனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற மருத்துவர். வெளியிலிருந்து வந்தவர். கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பவர்.

நான்கு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். எழில்மொழி அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள்.

கைநாட்டு விஷயம் ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சகாயம்மாள் மைப் பெட்டியை நகர்த்தினார். காத்தாயி கட்டைவிரலைத் தொட்டு வெள்ளைத் தாளில் வைத்தாள். வழுவழுவென்று ஒரு நீலப் பொட்டு. ஃபாரத்தில் இருந்ததும் அதுவே.

எழில்மொழி மூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. லின்சி அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

பஞ்சநதம் எழுந்தார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவர் முகத்தில் தோற்ற சாயலே இல்லை.

"எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு சொல்லத் தெரியலை மேடம். நான் என் மாணவியைச் சந்தேகப்பட்டது தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஃபாரம் அத்தனையும் உண்மை. அப்படின்னா எங்க கட்டுரையும் உண்மை. கம்பெனி பண்ணின சோதனைதான் தப்பு. இந்தப் பொண்ணோட தீசிஸை இந்த மாசமே அனுப்பிடலாம்."

இருதயசாமி இதை எதிர்பார்க்கவில்லை. அவர் கொண்டுவந்த ஏணியிலேயே அந்த ஆள் ஏறி நின்றுகொண்டார். எழில்மொழியின் முகத்தில் நான்கு வருஷமாக இல்லாத ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அந்த எட்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது, கொட்டகையும் தெரியாது.

சகாயம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அதுல ஒரு சிக்கல் இருக்குங்க. சாக்ஸை யாரும் போடவே இல்லைன்னு இவர் எழுதிக் குடுத்திருக்கார். ஏம்மா, நீங்கதானே ஒண்ணாம் நம்பர்? தினம் எத்தனை மணி நேரம் போட்டிருந்தீங்க?"

காத்தாயி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சநதம் அவள் பக்கம் லேசாகக் குனிந்தார். குரலில் அத்தனை கனிவு. "பயப்படாம சொல்லுங்கம்மா. உங்க பொண்ணோட பட்டம் இப்ப உங்க நாக்குலதான் இருக்கு."

சகாயம்மாள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு பஞ்சநதத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இதையேதான் போன ஐப்பசியில கோயில் கொட்டாயிலயும் சொன்னீங்களாம்" என்றார் மெதுவாக. "இங்க எழுதியிருக்கு. மூணு அம்பதுக்கு எழுதினது."

பஞ்சநதத்தின் வெள்ளைச் சட்டைக் காலர் முதல் தடவையாகக் கழுத்தை உறுத்தியது போலும். கையை வைத்துத் தளர்த்தினார். லின்சி இருதயசாமியின் முழங்கையை இடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அர்த்தம். அவருக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது.

அப்போதுதான் காத்தாயி பதில் சொன்னாள். மேஜையில் நடந்ததை அவள் கவனிக்கவே இல்லை. கேள்வி கேட்டார்கள், மகள் எதிரே இருக்கிறாள், பதில் அவளுக்குத் தெரியும்.

"எட்டு மணி நேரம்" என்றாள். "அரிப்பு இல்ல. புண்ணு இல்ல."

இருதயசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் கால்ல என்னம்மா?" என்று கேட்டார் சகாயம்மாள். நாற்பது வருஷம் வார்டில் நடந்த மூக்கு அது. ஃபேன் திரும்பும்போதெல்லாம் அந்த அறையில் ஒரு வாடை வந்து போனதை அவர் கவனித்திருந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்று காத்தாயி இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

எழில்மொழியின் சிரிப்பு பாதியில் நின்றது. சோதனை முடிந்து ஒரு வருஷமாகியும் அம்மா ஒற்றைக் காலில் சாக்ஸோடு இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"வேணாண்டி. எல்லாரும் பாக்குறாங்க."

"காலக் குடும்மா."

சாக்ஸ் சுலபமாக வரவில்லை. ஒட்டியிருந்தது. எழில்மொழி தான் பின்னிய துணியைத் தானே நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. லின்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் எழில்மொழி.

காத்தாயி மகளின் தலையை வருடினாள். "நீ வந்து கேட்டேல்ல, அந்த ஐப்பசியிலதான். இடுக்குல சின்னதா வந்துச்சு. சக்கர இருக்குறதால ஆறல. மொதல்ல நீ பஸ் எறங்கி வர்றப்ப மட்டும் மாட்டிக்குவேன், வாடை வந்த பெறகு கழட்டுறதே இல்ல. பட்டம் வாங்குற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வாத்தியாரு சொல்லியிருந்தாரு. வாங்கின பெறகு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருந்தேன்."

"இன்னைக்கே போகணும். இப்பவே" என்று சகாயம்மாள் எழுந்தார். "ரெண்டு விரலோட நின்னா புண்ணியம்."

"ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார் பஞ்சநதம். அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. "ஆனா இது ஒரு கேஸ்தான் மேடம். அறுபதுல ஒண்ணு. புள்ளிவிவரப்படி முடிவு மாறாது."

இருதயசாமிக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் அவர் யாரையும் அறைந்ததில்லை. கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. இதே தொனியில் எத்தனை வீடுகளில் தானும் பேசியிருக்கிறோம் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. ரொம்ப வருத்தமான விஷயம், ஆனா.

எழில்மொழி எழுந்து மேஜைக்கு வந்தாள். ஃபாரக் கட்டில் முதல் தாளை உருவினாள். காத்தாயி, வயது நாற்பத்தெட்டு, முப்பதாம் நாள், புண்: இல்லை. அவளுடைய அழகான கையெழுத்து. பக்கத்தில் வெறும் நீலப் பொட்டு.

"எழில்மொழி, யோசிச்சுக்கோம்மா" என்றார் சகாயம்மாள். "அதைத் திருத்தினா மீதி அம்பத்தொம்பதும் போயிடும். உன் மேல தப்பில்லைன்னு நாங்க எழுதுவோம். ஆனா பட்டம் இல்லை. நாலு வருஷமும் முதல்லேர்ந்துதான்."

"தெரியும் மேடம்."

பேனாவை எடுத்தாள். 'இல்லை' என்ற வார்த்தையின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 'உண்டு' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். தாளைத் தலைவி முன்னால் வைத்துவிட்டு, அம்மாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

காத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடு இழுத்து அடித்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். ரேஷன் கார்டில் புருஷன் பெயரை அப்படித்தான் அடித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மேஜை மேலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்துப்போன விரலுக்காக ஒரு வருஷம் சிந்தாத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"எல்லாம் சரியாத்தானேடி சொன்னேன்" என்றாள். "ஏண்டி அடிச்ச?"